உறை பிரிக்காத கேமரா

அத்தியாயம் 14

"கடைய மூடறோம்! ஒரேயடியா மூடறோம்! சவாயா கார்ப்பெட் கடை இனிமே கெடையாது! வாங்க, வந்து அள்ளிக்கிட்டுப் போங்க!"

அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வசனம் மனப்பாடம். மகள் ஜுமானா பிறந்த வருஷம் ஃபரீத் சவாயா கடையை மூட ஆரம்பித்தார். அவள் பள்ளிக்கூடத்தையே முடிக்கப்போகிறாள். இவர் இன்னும் மூடி முடித்தபாடில்லை.

ஊரில் யாரும் இதைப் பொய் என்று சொல்வதில்லை. குளிர்காலத்தில் பனி பெய்கிறது, வசந்தத்தில் சவாயா கடையை மூடுகிறார், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் பிடித்துக்கொண்டு கேட்பார்கள்.

"எப்ப ஃபரீத் மூடறே?"

"அடுத்த சனிக்கிழமை. அதுக்குள்ள வந்து ஒரு கம்பளம் எடுத்துடு. அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

இன்று மே முதல் தேதி. காலையில் கடை நடுவே முக்காலியில் கேமராவை நிறுத்தி, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு நின்றாள் ஜுமானா. இரண்டு வயதில் சுருட்டி வைத்த கம்பளத்தின் மேல் உட்கார்ந்து, "போயே போச்சு!" என்று கையை விரித்துக் காட்டியவள். அன்றிலிருந்து ஊருக்கு அவள் 'போயே போச்சு' பொண்ணு. மீசை முளைக்காத பையன்கள் முதல் பல் விழுந்த பெரியவர்கள் வரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொஞ்சம் வளர்ந்ததும் கேமராவுக்கு முன்னால் நிற்க மாட்டேன், பின்னால் நிற்கிறேன் என்று இடம் மாறிக்கொண்டாள். இப்போது படம் பிடிப்பது, வெட்டுவது, ஒட்டுவது, அப்பாவை அதட்டுவது எல்லாம் அவள்தான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க, பாபா."

"ஏன் பாபா? நல்லாத்தானே சொன்னேன்?"

மகள் அப்பாவை பாபா என்று கூப்பிடுவதில் அதிசயமில்லை. அப்பாவும் மகளை பாபா என்று கூப்பிடுவது லெபனான்காரர்கள் வீட்டு வழக்கம். நாம் பெற்ற பெண்ணை 'அம்மா' என்று கூப்பிடுகிறோமே, அந்தக் கணக்கு.

அவர் மறுபடியும் சொன்னார். கையை வீசினார். கண்ணை உருட்டினார். ஜுமானா ஹெட்போனைக் காதோடு அழுத்திக் கேட்டாள். நெற்றி லேசாகச் சுருங்கியது.

"வேண்டாம். மொதல்ல எடுத்ததே இருக்கட்டும்."

"பின்ன எதுக்கு என்னைத் தொண்டை கிழிய ரெண்டாந்தடவை கத்த வெச்சே?"

"ஒண்ணுமில்ல," என்று கேமராவை மடக்கினாள். ஆனால் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். வாங்குகிறவன் எந்தக் கம்பளத்தைப் பார்க்காத மாதிரி பார்க்கிறான் என்று கண்டுபிடிக்கிற ஃபரீத்துக்கே அந்தப் பார்வை பிடிபடவில்லை.

போன வாரம் அவருடைய சட்டைப் பைக்குள் போய் உட்கார்ந்த விசிட்டிங் கார்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோட்டு போட்ட ஒருவன் வந்தான். பெரிய மருந்துக்கடைக் கம்பெனி ஆள். நாலு பக்கமும் சிக்னல் இருக்கிற இந்த மூலைதான் அவர்களுக்கு வேண்டுமாம். கட்டிடத்தைக் கொடுத்தால் போதும், கம்பளங்களை நீங்களே எடுத்துக்கொண்டு போகலாம் என்றான் தாராளமாக. ஃபரீத் ஆகட்டும் என்றும் சொல்லவில்லை, ஆகாது என்றும் சொல்லவில்லை. காபி கொடுத்து அனுப்பிவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

அவருடைய முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ரிட்டயர் ஆகிவிட்டன. ஜனங்கள் கம்பளத்தைக் கையால் தடவிப் பார்க்காமல் போனில் தடவி வாங்குகிறார்கள். ஆனாலும் மகள் பக்கத்தில் இருந்தால் இன்னும் நாலு வருஷம் கடையை மூடிக்கொண்டே இருக்கலாம். அவள் ஊரை விட்டுப் போய்விட்டால் யாருக்காக மூடுவது?

அந்தக் கேள்விக்கு இன்று பதில் தெரிந்துவிடும். ஊடகமும் தகவல்தொடர்பும் படிக்க ஜுமானாவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஹாஸ்கெட், வீட்டிலிருந்து அரை மணி நேரம். இன்னொன்று பிரிம்லி, வெர்மான்ட் மலையில், விடிகாலை கிளம்பினால் பொழுது சாயப் போய்ச் சேரலாம். எது என்று இன்றைக்குள் சொல்லியாக வேண்டும். நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் தாங்கள் சேரப்போகிற கல்லூரியின் பெயர் போட்ட சட்டையோடு வர வேண்டும். அது அங்கே ஒரு திருவிழா.

பிரிம்லியைப் போன வாரம் பார்த்துவிட்டார்கள். இன்றைக்கு ஹாஸ்கெட்.

*

"வெறுங்கையோடயா ஒரு இடத்துக்குப் போறது?" என்று மடியில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு காரில் ஏறினாள் ஃபரீத்தின் மனைவி விதாத். பாத்திரம் நிறைய, சோறு வைத்துச் சுருட்டிய திராட்சை இலைச் சுருள்.

"விதாத், நாம போறது காலேஜுக்கு. சம்பந்தம் பேச இல்ல."

"என் பொண்ண நாலு வருஷம் ஒப்படைக்கப் போறேன். இதுல சம்பந்தத்துக்கு என்ன கொறச்சல்?"

பின்சீட்டில் ஜுமானா சிரித்தாள். "அம்மா, அவங்க அதை வாங்கிக்க மாட்டாங்க. லஞ்சம்னு நெனப்பாங்க."

"சாப்பிட்டுப் பாத்துட்டு நெனக்கட்டும்."

விதாத்தின் ஓட்டு ஹாஸ்கெட்டுக்கு என்பது ரகசியமில்லை. பிரிம்லியைப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அதைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். பழைய கொதிகலன் அறையில் ஸ்டுடியோவாம். கேமராவையெல்லாம் கறுப்பு டேப் போட்டுச் சுற்றி வைத்திருக்கிறார்களாம். எடிட்டிங் அறை வாசலில் இரண்டு பெண்கள் முறை யாருடையது என்று மல்லுக்கு நின்றார்களாம். "அது காலேஜா, காயலான் கடையா?" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டாள். ஃபரீத்தும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டியிருந்தார். தலையாட்ட அவருக்குக் காரணம் இருந்தது.

ஹாஸ்கெட் வாசலிலேயே அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. புல் ஒரே உயரம். கண்ணாடியில் ஒரு விரல் ரேகை இல்லை. சுற்றிக்காட்ட வந்த பையனின் பெயர் டெவின். மூன்றாம் வருஷ மாணவன். வந்தவர்கள் முகத்தைப் பார்த்தபடி, பேசிக்கொண்டே பின்பக்கமாக நடந்தான். படி இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

"கெட்டிக்காரப் பையன்," என்று மனைவி காதில் சொன்னார் ஃபரீத். "வாடிக்கைக்காரன் மூஞ்சியிலேருந்து கண்ணெடுக்க மாட்டேங்கறான் பாரு. இவனை நம்ம கடைக்குக் கேக்கலாம்."

டெவின் நடுவழியில் நின்றான். ஜுமானாவை உற்றுப் பார்த்தான். "நீங்க... நீங்க அந்த 'போயே போச்சு' பொண்ணுதானே?"

"போச்சுடா," என்றாள் ஜுமானா.

"எங்க வீட்டுல எல்லாரும் சொல்லுவோம்! பால் தீந்தா போயே போச்சு, எங்க நாய் ஓடிப்போனப்ப கூட..."

"நாய் திரும்பி வந்துச்சா?" என்று அக்கறையாக விசாரித்தாள் விதாத்.

"வந்துடுச்சு, மேடம்."

"அப்ப நல்ல சகுனம்," என்று ஒரு திராட்சை இலைச் சுருளை அவன் கையில் வைத்தாள். அவன் தின்றான். அடுத்த பத்து நிமிஷம் கல்லூரியைச் சுற்றிக் காட்டினானா, பாத்திரத்தைச் சுற்றி வந்தானா என்று சொல்வது கஷ்டம்.

கடைசியாக ஸ்டுடியோ. கதவைத் திறந்ததும் புதுச் சாமானின் வாசனை குப்பென்று வந்தது. பெரிய கூடம். கூரையில் விளக்குகள். செய்தி வாசிக்கிற மேஜை. மூன்று பெரிய கேமராக்கள், வரிசையாக, கல்யாணத்துக்கு நிற்கிற மாப்பிள்ளைகள் மாதிரி. மேஜைக்குப் பின்னால் இருந்த நாற்காலிகளுக்கு பிளாஸ்டிக் உறை.

"பாத்தியா ஃபரீத்!" விதாத் குரலில் பக்தி வந்துவிட்டது. "எவ்வளவு சுத்தமா வெச்சிருக்காங்க! அந்த மலையில டேப் சுத்தி வெச்சிருந்தாங்களே, அதுவும் காலேஜாம்."

ஃபரீத் சிரித்தபடி ஒரு கேமராவின் பக்கத்தில் போனார். கம்பள வியாபாரிகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் முன்பக்கம் பார்த்து நம்ப மாட்டார்கள். முன்பக்கம் வாடிக்கைக்காரனுக்கு, புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தால்தான் முடிச்சு தெரியும். அந்தப் பழக்கத்தில் கேமராவுக்குப் பின்னால் சுற்றிப் போனார்.

பின்னால் ஒரு சின்னத் திரை. திரை மேல், தொழிற்சாலையில் ஒட்டிய மெல்லிய பிளாஸ்டிக் தாள். பிரிக்கவே இல்லை. ஓரத்தில் பிரிப்பதற்கென்று நீட்டி வைத்திருந்த நுனி கூட அப்படியே இருந்தது. நகத்தால் தொட்டார். மொறுமொறுப்பாக இருந்தது.

அடுத்த கேமராவுக்குப் போனார். அதிலும் தாள். மூன்றாவதிலும்.

"தம்பி," என்றார் மெதுவாக. "இதையெல்லாம் எப்ப வாங்கினாங்க?"

"நான் சேந்த வருஷம், சார். டி.வி. ஸ்டேஷன்லகூட இந்த மாடல் கெடையாது."

"அருமை. நீ இதுல என்ன எடுத்தே?"

டெவின் வாயைத் துடைத்துக்கொண்டான். "இங்க அடிப்படைதான் சார் மொதல்ல. மூணு வருஷம் கோட்பாடு. ஊடகம்னா என்ன, மக்கள் மேல அது என்ன பண்ணுது, அதெல்லாம். கடைசி வருஷத்துலதான் ஸ்டுடியோவுல விடுவாங்க. எங்களுக்கு அடுத்த வருஷம்."

"இப்ப கடைசி வருஷத்துல இருக்கறவங்க?"

"அவங்களுக்கு... பயிற்சி கொடுக்கற ஆளை இன்னும் தேடிக்கிட்டிருக்காங்க."

பையன் நல்ல பையன். சொல்லும்போது அவன் முகம் சற்று வாடியது. ஃபரீத் அவன் தோளைத் தட்டினார்.

திரும்பிப் பார்த்தார். விதாத் நாற்காலியின் பிளாஸ்டிக்கைத் தடவிக்கொண்டிருந்தாள். ஜுமானா தள்ளி நின்று கூரை விளக்குகளை எண்ணுகிற மாதிரி அண்ணாந்திருந்தாள். இரண்டு பேருமே கேமராவின் பின்பக்கம் வரவில்லை.

அவர் வாய் மூடிக்கொண்டது. வியாபாரி வாயை மூடிக்கொண்டால் எங்கேயோ ஏதோ விலைபோகிறது என்று அர்த்தம்.

*

கல்லூரிக் கடையில் விதாத் ஹாஸ்கெட் என்று மார்பில் எழுதிய நீலச் சட்டை ஒன்றை எடுத்தாள். ஜுமானாவின் முதுகில் வைத்து அளந்தாள். ஃபரீத் அதைக் கல்லாவில் வைத்து, துணியைத் தேய்த்துப் பார்த்து, முகத்தைச் சுளித்தார். அவருக்குக் கவலை வந்தால் பேரம் வரும்.

"ரெண்டு எடுத்தா என்ன வெல?"

"ரெண்டு சட்டை வெல, சார்," என்றாள் கல்லாப் பெண்.

"ஒண்ணு எடுத்தா?"

"ஒரு சட்டை வெல."

"அப்ப ரெண்டு எடுக்கறதுல எனக்கு என்ன லாபம்?"

"ரெண்டு சட்டை இருக்கும், சார்."

ஃபரீத் மரியாதையாகத் தலை வணங்கினார். இந்த மாதிரி பதில் சொல்கிறவளிடம் தோற்பது அவமானமில்லை. இருந்தாலும் பழக்கத்தை விட முடியுமா? கடைசியில் ஒரு சாவிக்கொத்தை இலவசமாக வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார். சவாயாவை வெறுங்கையோடு அனுப்பிய கடை ஒஹையோவில் இன்னும் திறக்கவில்லை.

காரில் விதாத் ஒருத்திதான் பேசினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கறி உருண்டை, கிப்பே, செய்யலாம், காலேஜ் சினேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வரலாம். ஜுமானாவின் அறைச் சுவருக்கு வேறு வண்ணம் அடிக்கலாம். பனிக்காலத்தில் மட்டும் ஃபரீத் கொண்டுபோய் விடட்டும். ஜுமானா 'உம்' கொட்டிக்கொண்டு வந்தாள். ஃபரீத் அதுகூடக் கொட்டவில்லை.

அவர் மனசுக்குள் ஒரு பேரம் நடந்துகொண்டிருந்தது. விற்கிறவரும் அவர், வாங்குகிறவரும் அவர்.

'ஒரு சின்னத் தாளு. அதுக்கு இத்தனை யோசனையா? கோட்பாடும் படிப்புதானே.'

'படிப்புதான். ஆனா இவ பல்லு முளைக்கறதுக்கு முன்னாடி கேமராவப் பாத்தவ. மூணு வருஷம் கையக் கட்டி உக்காருவாளா?'

'சாயங்காலம் கடைக்கு வந்து நம்ம விளம்பரத்த எடுக்கட்டுமே.'

'ஆக, காலேஜுல கத்துக்க ஒண்ணுமில்ல, உன் கடைக்கு ஆள் வேணும். அப்படித்தானே?'

கொடுக்கல் வாங்கலில் இவ்வளவு கறாராக அவரிடம் யாரும் பேசியதில்லை.

*

சவாயா வீட்டுக் கூடத்தில் ஒரு சோஃபா உண்டு. இளமஞ்சள் நிறம், தங்கச் சரிகைக் கரை. கல்யாணத்தின்போது விதாத்தோடு வந்தது. வந்த நாளே அதற்கு ஒரு தடித்த பிளாஸ்டிக் உறையைத் தைத்துப் போட்டுவிட்டாள். வெயில் காலத்தில் உட்கார்ந்து எழுந்தால் தோல் உரிகிற மாதிரி சத்தம் வரும். நல்ல விருந்தாளி வந்தால் கழற்றுவாள் என்று சொல்வார்கள். பிஷப் ஒருமுறை வந்தார். அவர்கூட பிளாஸ்டிக் மேல்தான் உட்கார்ந்தார்.

சாயங்கால வெயில் அந்த உறை மேல் விழுந்து பளபளத்தது. ஜுமானா சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு கல்லூரியின் பக்கங்களும் விரிந்திருந்தன. இரண்டிலும் ஒவ்வொரு பட்டன். அதை அழுத்தினால் முடிந்தது.

விதாத் ஏலக்காய் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். புதுச் சட்டை நாற்காலி முதுகில் தொங்கியது.

"சரி," என்றாள் ஜுமானா, ரொம்பச் சாதாரணமாக. "ஹாஸ்கெட்தான். அழுத்திடறேன்."

"ஹம்துலில்லா!" என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக் கையை உயர்த்தினாள் விதாத். ஆனால் உயர்ந்த கை பாதியில் நின்ற மாதிரி இருந்தது. கணவர் முகத்தைப் பார்த்தாள்.

ஃபரீத் எதிர்பார்த்தது நடந்துவிட்டது. காசு கொடுக்காமல் சரக்கு கைக்கு வந்துவிட்டது. அப்படி வரும்போதுதான் சந்தேகப்பட வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து அடிபட்டுக் கற்றவர் அவர். சோஃபாவில் போய் உட்கார்ந்தார். 'கிறீச்' என்றது. எழுந்தார். மறுபடி 'கிறீச்'.

பாக்கெட்டில் கை விட்டார். கம்பளக்காரன் பாக்கெட்டில் எப்போதும் இருக்கிற கொக்கிக் கத்தி. சோஃபாவின் கைப்பிடி ஓரத்தில் கத்தியைக் கொடுத்து ஒரே இழுப்பு. சர்ரென்று உறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கிழிந்தது.

"ஃபரீத்!" விதாத் பாய்ந்து வந்தாள். "உனக்குப் பைத்தியமா? என் கல்யாண சோஃபா!"

"உன் பொண்ணு பொறந்து வளந்து காலேஜுக்குப் போற வயசாயிடுச்சு. இதுல ஒருநாள் உக்காந்திருக்காளா? சொல்லு."

"பிளாஸ்டிக் மேல உக்காந்திருக்கா!"

"அதான் சொல்றேன். அந்த ஹாஸ்கெட்லயும் பிளாஸ்டிக் மேலதான் உக்காருவா." அவர் மகள் பக்கம் திரும்பினார். "பாபா, அழுத்தாதே. அந்த கேமரா மூணுலயும் ஒட்டின தாளைக்கூட யாரும் பிரிக்கல. அந்தப் பையன் சேந்த வருஷம் வாங்கினது. இன்னும் பொட்டிச் சரக்கு. கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கற கம்பளம், வெல கேக்க வர்றவனுக்குக் காட்டத்தான். நடக்கறதுக்கு இல்ல."

ஜுமானா பட்டனிலிருந்து விரலை எடுத்தாள்.

"அந்த மலையில பாத்தோமே, டேப் சுத்தின கேமரா? எதுக்கு டேப் சுத்துவான்? கையில கையில மாறி உழைச்ச சாமான். வாசல்ல ரெண்டு பொண்ணுங்க சண்டை போட்டாங்களே? அது கூட்டம் இருக்கற கடை. அங்க ஒரு வாத்தியாரம்மா நம்ம விளம்பரத்தைப் போட்டுப் பாத்துட்டு, 'இந்த எடத்துல ஏம்மா வெட்டினே?'ன்னு உன்னைக் கேட்டாங்க. நீ பதில் சொல்லி முடிக்கற வரைக்கும் நின்னாங்க. ஹாஸ்கெட்ல உன் மார்க்கைத்தான் கேட்டாங்க." கத்தியைப் பாக்கெட்டில் போட்டார். "காயலான் கடைன்னு நானும் தலையாட்டினேன். தெரிஞ்சேதான் ஆட்டினேன். நீ பக்கத்துலயே இருக்கணும்னுதான்."

விதாத் கிழிந்த உறையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல்முறையாக, அந்த மஞ்சள் துணி மேல் உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை.

"நான் பாக்கலைன்னு நெனச்சியா?" என்றாள்.

"என்னத்த?"

"பிளாஸ்டிக்க. இந்த ஊர்ல என்னைவிட அதைப் பத்தித் தெரிஞ்சவ யாரு? நான் இதுக்கு எதுக்கு உறை போட்டேன்? யாரும் உக்காரக் கூடாதுன்னுதானே? அந்த நாற்காலியத் தொட்டதுமே தெரிஞ்சுபோச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ கேமராவுக்குப் பின்னாடி போனதையும் பாத்தேன். நீ சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். சொல்லக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன்."

"அப்ப அந்தச் சட்டை?"

விதாத் எட்டி நாற்காலியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து, கழுத்துப் பக்கம் திருப்பிக் காட்டினாள். விலைச் சீட்டு அப்படியே தொங்கியது.

"சீட்டைப் பிச்சேனா பாரு. ஆறு வாரத்துக்குள்ள திருப்பிக் கொடுக்கலாம். நானும் வியாபாரி பொண்டாட்டிதான்."

ஃபரீத் சிரித்துவிட்டார். சிரிப்பு நடுவில் எங்கேயோ உடைந்தது. அதை இருமல் என்று சமாளித்தார்.

"அந்தச் சாவிக்கொத்த மட்டும் நான் திருப்பித் தர மாட்டேன்," என்றார். "அது ஜெயிச்சது."

"சரி பாபா, பிரிம்லிய அழுத்து," என்று மகளைப் பார்த்தார். "அழுத்திட்டு வா. அம்மா சோஃபாவுல உக்காரு. நீதான் மொதல் விருந்தாளி."

ஜுமானா எழுந்து வரவில்லை.

"நானும்தான் பாத்தேன்," என்றாள்.

"எதை?"

"தாளை. கதவு தொறந்ததுமே பாத்துட்டேன். விளக்குல ஒட்டின தாளுதான் மொதல்ல கண்ணுல பட்டுது. ஒரு தடவை எரிய விட்டிருந்தாலும் உருகி நாறியிருக்கும்."

"தெரிஞ்சேவா ஹாஸ்கெட்டுன்னு சொன்னே?" ஃபரீத்துக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "சரக்கு மட்டம்னு தெரிஞ்சே வாங்கறவள இன்னிக்குத்தான் பாக்கறேன்! அதுவும் என் வயித்துல..."

"என் வயித்துல," என்று திருத்தினாள் விதாத்.

ஜுமானா மடிக்கணினியில் வேறொன்றைத் திறந்தாள். காலையில் எடுத்த விளம்பரம். திரையில் ஃபரீத் கையை வீசினார்.

'கடைய மூடறோம்! ஒரேயடியா மூடறோம்!'

நிறுத்தினாள். மறுபடி அதே இடத்துக்கு ஓட்டினாள்.

'ஒரேயடியா...'

இந்தத் தடவை ஃபரீத்துக்கே கேட்டது. அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு நூலளவு இடைவெளி. விழுங்குகிற சத்தம்.

"உங்க குரல எத்தனை வருஷமா வெட்டி ஒட்டிக்கிட்டிருக்கேன், பாபா. நீங்க எந்த எடத்துல மூச்சு விடுவீங்க, எந்த எடத்துல பொய் சொல்லுவீங்கன்னு எனக்குத் தெரியும். 'ஒரேயடியா'ன்னு சொல்லும்போது எப்பவும் உங்க குரல்ல ஒரு சிரிப்பு இருக்கும். இன்னிக்கு இல்ல. அதான் ரெண்டாந்தடவை சொல்லச் சொன்னேன். அதுலயும் இல்ல."

"என்ன சொல்றா இவ?" விதாத் சோஃபாவிலிருந்து எழுந்தாள். "யாரு மூடறது? எதை மூடறது?"

"நான் இங்க இருந்தா நீங்க மூட மாட்டீங்கன்னு நெனச்சேன். அதுக்காகத்தான் ஹாஸ்கெட்." ஜுமானாவின் விரல் பட்டன் மேல் இருந்தது, எந்தப் பட்டன் என்று அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. "உண்மையச் சொல்லுங்க, பாபா. அப்புறம்தான் அழுத்துவேன்."

ஃபரீத்தின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கார்டின் விளிம்பு விரலில் இடித்தது. மனைவியின் கண் அந்தக் கையோடு சேர்ந்து வந்து, பையில் நின்றது.

புலி வருது, புலி வருது என்று ஊர் முழுக்கக் கூவிக் கம்பளம் விற்ற மனிதர். ஒருவர்கூட நம்பியதில்லை என்பதுதான் அவருடைய தைரியமே. இன்றைக்கு முதல்முறையாக ஒருத்தி நம்பிவிட்டாள்.